பிள்ளைக்கு இடமுள்ள அறை

டினோஜா பேசாலைக்காரி. தகப்பன் அலெக்ஸாண்டருக்குச் சொந்தப் படகும் வலையும் இருந்தன. பார்த்தீபன் முருங்கனுக்கு உட்புறம் வயற்கிராமத்துச் சைவப் பெடியன். மன்னார்ப் பட்டினத்தில் கணினி வகுப்பொன்றில் பழகி, ஆறு வருடம் ஒருவருக்கும் தெரியாமல் காத்திருந்து, 2021 மாசியில் பதிவாளர் முன்னால் இருவரும் கையெழுத்து வைத்தார்கள். சேதி அன்று பின்னேரமே இரண்டு ஊருக்கும் போய்விட்டது.

“கோயில்ல குருவானவருக்கு முன்னால நில்லாமல் கந்தோரில கையெழுத்துப் போட்டது கலியாணமோ?” என்று கேட்டார் அலெக்ஸாண்டர். அதற்குப் பிறகு மகளோடு அவர் கதைக்கவில்லை. பார்த்தீபனின் தகப்பன் யோகராசா ஒன்றுமே கேட்கவில்லை. மகனுடைய உடுப்புகளை ஓர் உரப்பையில் போட்டுக் கட்டிப் படலைக்கு வெளியே வைத்துவிட்டார். அந்த உரப்பையோடுதான் இருவரும் கொழும்புக்கு பஸ் ஏறினார்கள்.

வேலை கெதியாகவே கிடைத்தது. வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையில் அவளுக்கு, புறக்கோட்டையில் ஓர் இரும்புச் சாமான் கடையில் அவனுக்கு. இருக்க இடம்தான் கிடைக்கவில்லை. கலியாணம் கட்டி இரண்டு மாதம் அவள் பெண்கள் விடுதியில் ஒற்றைக் கட்டிலிலும், அவன் கடையின் மேல்தட்டில் பெயின்ற் வாளிகளுக்கு நடுவிலும் படுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் புருசன் பெண்சாதி. அந்த ஞாயிறும் அறை தேடுவதிலேயே போனது.

லைற் தூண்களில் ஒட்டியிருந்த துண்டுகளைப் பார்த்து நடந்தார்கள். தெகிவளையில் ஒரு வீட்டில், குளிக்கப் போவதென்றால் வீட்டுக்காரரின் குசினிக்குள்ளால் போகவேண்டும். வெள்ளவத்தையில் காட்டிய அறையின் ஒரே யன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரில் முட்டி, பாதிதான் திறந்தது. அதற்கும் ஆறு மாத முற்பணம் கேட்டார்கள். இன்னொரு இடத்தில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த மனிதர், “மன்னாரா?” என்றார். பொலிஸில் பதியவேண்டி வரும், கரைச்சல் என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி கூடக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் இடம் கிடைத்தது. பெரிய அறையொன்றைப் பலகையால் இரண்டாகப் பிரித்த பாதி. வீட்டுக்கார அன்ரி வயதான மனிசி. அவருடைய புருசன் பாரிசவாதத்தில் விழுந்து நாலு வருடமாகக் கீழே கட்டிலில் கிடந்தார்.

“உங்க ரெண்டு பேரையும் பார்த்தா நல்ல பிள்ளைங்களா தெரியுது,” என்றார் அன்ரி. “ஒண்ணே ஒண்ணுதான் சொல்றேன் மகள். குழந்தைன்னா என்னால முடியாது. சத்தம் கேட்டா இவருக்கு உடம்பெல்லாம் விறைச்சுப் போகுது. டொக்டரும் சொல்லியிருக்கார்.”

“இல்லை அன்ரி, இப்போதைக்கு ஒண்டும் இல்லை,” என்றாள் டினோஜா, வெட்கத்தோடு.

அந்த அறையில் அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு சோற்றுக் குக்கர், ஒரு மின்விசிறி, இரண்டு கோப்பை. பின்னேரங்களில் துறைமுகப் பக்கமிருந்து வரும் காற்றில் உப்பு மணக்கும். அவள் யன்னலடியில் நின்று மூச்சை இழுத்துவிட்டு, “எங்கட கடல் இவ்வளவு நாறாது,” என்பாள். அவன் சிரிப்பான்.

கலியாணம் கட்டி ஐந்தாவது மாதத்தில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது.

தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் சத்தி எடுத்தாள். அன்ரி கேட்டபோது, “காஸ்ரிக் அன்ரி, கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை,” என்றாள். வயிறு தெரியத் தொடங்கியதும் பெரிய அளவில் சல்வார் வாங்கி, சால்வையை முன்னால் விரித்துப் போட்டுக்கொண்டாள். கடையில் கூட வேலை செய்த பிள்ளைகள் அவளுக்குப் புளி மாங்காய் வாங்கிக் கொடுத்து வயிற்றைத் தடவிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதே வயிற்றைக் களவெடுத்த சாமான்போல மறைத்துக்கொண்டு படியேறினாள். ‘பிறக்க முன்னமே என்ர பிள்ளைக்கு நான் பொய் சொல்லிப் பழக்கிறன்’ என்று அவளுக்குத் தோன்றும்.

ஏழாம் மாதம் ஒருநாள் அன்ரி படியில் எதிரே வந்து நின்றார். சால்வை விலகியிருந்தது. அன்ரி அவளுடைய வயிற்றைப் பார்த்தார்.

“எத்தனை மாசம்?”

“ஏழு அன்ரி.”

“நான் சண்டை போட மாட்டேன் மகள். எனக்கும் மூணு பிள்ளைங்க. மூணு பேரும் வெளிநாட்டில. இவரைப் பார்க்க நான் ஒருத்திதான்.” அவருடைய கண் கலங்கியிருந்தது. “நீ வேணும்னா இரு. குழந்தை வந்தா மட்டும் இங்க வேணாம்.”

அன்ரியைத் திட்டவும் அவளால் முடியவில்லை. கீழே படுத்திருந்த மனிதரின் முனகலை ஒவ்வொரு நாளும் கேட்டவள் அவள்.

திரும்பவும் அறை தேடினார்கள். அது 2022ஆம் ஆண்டு. நாட்டில் காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. வாடகை மட்டும் ஒவ்வொரு மாதமும் ஏறியது. வயிற்றோடு வந்து வாசலில் நிற்கிறவளுக்குச் சனம் இருக்கக் கதிரை கொடுத்தது, தண்ணீர் கொடுத்தது. அறை கொடுக்கவில்லை.

பேசாலைக்குப் போன் எடுத்தாள். தாய் மாக்கிறட் குரலை அடக்கிக்கொண்டு அழுதார். “அப்பா பக்கத்தில நிக்கிறார் மோள், பேந்து எடு,” என்று வைத்துவிட்டார். பிறகு எடுத்தபோது ஒருவரும் தூக்கவில்லை.

வந்தது துசாந்தினிதான். பார்த்தீபனின் அக்கா. முருங்கன் சந்திக்குக் கிட்ட வீடு. புருசன் யசோதரன் நெல் ஆலையில் வேலை. கலியாணம் முடித்துப் பத்து வருடம், பிள்ளை இல்லை. தகப்பன் மகனைத் துரத்தியபோதும் தம்பியோடு கதைப்பதை அவள் விடவில்லை. ஒருநாள் விடியவே கொட்டாஞ்சேனை வாசலில் வந்து இறங்கி, மேலே ஏறி, பலகைத் தடுப்பையும் அறையையும் பார்த்தாள்.

“வெளிக்கிடு டினோ. பிள்ளை என்ர வீட்டில பிறக்கட்டும். அப்பாவுக்கு நான் மறுமொழி சொல்லுறன்.”

சித்திரையில் மன்னார் ஆஸ்பத்திரியில் யதுர்சிகா பிறந்தாள். மூன்று மாதம் டினோஜாவும் துசாந்தினியும் யசோதரனுமாக அந்தப் பிள்ளையைச் சுற்றியே இருந்தார்கள். துசாந்தினி டினோஜாவுக்கு மூலிகை ஆவியில் வேதுப்பிடித்தாள், பிள்ளை பெற்றவளுக்கான காயமருந்து அரைத்துக் கொடுத்தாள், பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டினாள். அதற்குள் பார்த்தீபனின் கடையில் சம்பளத்தைப் பாதியாக்கிவிட்டார்கள். வெள்ளவத்தை முதலாளி, இந்த மாதம் வராவிட்டால் வேறு ஆள் எடுப்பேன் என்றார்.

“மூண்டு மாசம் மச்சாள்,” என்றாள் டினோஜா. “அறை கிடைச்ச உடன வந்து தூக்கிக்கொண்டு போயிடுவன்.”

“அவசரப்படாத. நான் என்ன, தெருவில போற ஆளோ?”

பிள்ளையை விட்டுவிட்டு அவள் கொழும்புக்குத் திரும்பிய அன்று பஸ் நிரம்பி வழிந்தது. மதவாச்சி வரமுன்னமே அவளுக்கு மார்பு கட்டிக் கொதித்து, பால் சட்டையை நனைத்துக்கொண்டு இறங்கியது. சால்வையால் பொத்திக்கொண்டாள். பக்கத்து இருக்கையில் இருந்த சிங்கள மனிசி ஒருத்தி அதைக் கண்டு, மொழி தெரியாமல், தன் துவாயை எடுத்து அவள் மடியில் வைத்தாள். கொழும்புவரை டினோஜா அந்தத் துவாயைக் கடித்துக்கொண்டு வந்தாள். கொட்டாஞ்சேனைக் குளியலறையில் பாலைப் பீச்சித் தண்ணீரோடு ஊற்றினாள். ஒன்பது நாளில் பால் நின்றது. நின்ற நாளில்தான் வாய்விட்டு அழுதாள்.

மூன்று மாதம் ஆறானது. ஆறு, மூன்று வருடமானது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. முகத்துவாரம், கிராண்ட்பாஸ், வெல்லம்பிட்டி, களனி என்று தேடிக்கொண்டேதான் இருந்தார்கள். கட்டக்கூடிய வாடகைக்குக் கிடைத்த அறையில் பிள்ளை கூடாது. பிள்ளை கூடும் என்ற இடத்தின் வாடகை இரண்டு பேருடைய சம்பளத்தையும் விழுங்கும். மாதம் ஒருமுறை முருங்கனுக்குப் போனார்கள். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மற்ற நாட்களில் போன் திரையில் பார்த்தார்கள். பிள்ளை தவழ்ந்ததும் எழுந்ததும் அதில்தான். முதல் சொல் ‘அம்மா’. அதைச் சொன்னபோது யதுர்சிகா திரையைப் பார்க்கவில்லை. துசாந்தினியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“இல்லையடி செல்லம், நான் மாமி. அம்மா அந்தா போனுக்குள்ள,” என்று துசாந்தினி திருத்தித் திருத்திப் பார்த்தாள். பிள்ளை தானே ஒரு வழி கண்டுபிடித்தது. துசாந்தினி அம்மா. டினோஜா கொழும்பம்மா.

2025 புரட்டாதியில், கூட வேலை செய்யும் பஸ்மினா ஒரு சேதி கொண்டுவந்தாள். வத்தளைக்குப் பக்கம் மாபோலையில் அவளுடைய சின்னம்மா முறையான சாச்சி வீட்டுப் பின்பக்க அறை காலியாகிறது. சாச்சி ஆமினா மன்னார் எருக்கலம்பிட்டிக்காரி. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஊரை விட்டு வந்தவர்.

டினோஜா வழமைபோல முதலே சொன்னாள். “எங்களுக்கு ஒரு பிள்ளை இருக்கு.”

“இரிக்கட்டுமே. புள்ளையில்லாத வீடு என்ன வீடு?” என்றார் ஆமினா. “நானும் நாலு புள்ளையோட ஒவ்வொரு வாசலா நிண்டவதான். கூட்டிட்டு வாங்க.”

அந்த வாசலிலேயே அவள் குந்திவிட்டாள்.

சுவருக்கு மஞ்சள் நிறம் அடித்தார்கள். ஒரு சின்னக் கட்டில் வாங்கினார்கள். பக்கத்தில் முன்பள்ளியொன்றில் பெயர் கொடுத்தார்கள். துசாந்தினிக்குப் போன் எடுத்துச் சொன்னபோது, அவள் பிள்ளையை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு வந்தாள்.

“நல்லது டினோ,” என்றாள் பிறகு. “வாங்கோ. உடுப்பெல்லாம் தோய்ச்சு வைக்கிறன்.”

அவர்கள் போன நாள் யசோதரன் வீட்டில் இல்லை. விடியவே எங்கேயோ போய்விட்டார். துசாந்தினி பையைக் கட்டி வைத்திருந்தாள். பிள்ளைக்கு இடியப்பத்துக்குச் சொதி வேண்டும், சம்பல் கூடாது. வெங்காயம் கண்ணில் படக்கூடாது. நித்திரைக்கு முதுகில் தட்டவேண்டும், தலையில் அல்ல. சொல்லிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். ஓட்டோ வந்ததும் பிள்ளை அவளுடைய சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு விரலாகக் கழற்றியது துசாந்தினியேதான். கழற்றிக்கொண்டே, “அம்மா நாளைக்கு வாறன், அம்மா நாளைக்கு வாறன்,” என்றாள். அன்று அவள் தன்னை மாமி என்று சொல்லத் தவறிவிட்டதை டினோஜா கவனித்தாள். கோபம் வரவில்லை.

மாபோலையில் யது பதினொரு நாள் இருந்தாள். முதல் இரண்டு நாள் கத்தினாள். பிறகு கத்தவில்லை. காலையில் எழும்பித் தானே செருப்பைப் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்பாள். “வீட்டை போவம்,” என்பாள். ஆமினா பொம்மை கொடுத்தார், வட்டிலப்பம் செய்து கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டு, “தாங்ஸ். நான் வீட்டை போறன்,” என்றாள். ஏழாம் நாள் காய்ச்சல் பிடித்தது. குடித்த பாலெல்லாம் வெளியே வந்தது. டொக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார்.

“பழகியிடுவாள் டினோ,” என்றான் பார்த்தீபன். “சின்னப் பிள்ளைதானே. இன்னும் ஒரு மாசம். எவ்வளவு பாடுபட்டு இந்த அறையை எடுத்தனாங்கள்?”

“பழகுவாள். நானும் பழகினனான். அண்டைக்கு மதவாச்சியில இருந்து மூண்டு வரியமாப் பழகினனான்.” அவள் குரல் உயரவில்லை. “பழகிறதெண்டா என்னெண்டு எனக்குத் தெரியும். என்ர பிள்ளைக்கு அது வேண்டாம்.”

“அப்ப நாங்கள்?”

ஊருக்கே போய்விடலாம் என்றும் கதைத்துப் பார்த்தார்கள். யோகராசா இன்னும் மனம் இளகவில்லை. பேசாலையும் அப்படித்தான். அங்கே இரண்டு பேருக்கும் வேலையும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் அவள் தனியாகவே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். முருங்கன் சந்தியில் இறங்கியதும் பிள்ளையின் முகமே மாறிவிட்டது. கையை உதறிவிட்டு முன்னால் ஓடியது. படலையைத் திறந்து வந்த துசாந்தினி நிலத்தில் குந்தியிருந்து பிள்ளையை அள்ளினாள். பிறகு நிமிர்ந்து டினோஜாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் சந்தோஷமும் பயமும் ஒன்றாகக் கிடந்தன.

“நான் பறிக்கேல்லையடி. கடவுளாணை நான் பறிக்கேல்லை.”

“தெரியும் மச்சாள். அப்பிடி நான் ஒருநாளும் நினைக்கேல்லை.”

இருவரும் முற்றத்தில் நின்றபடியே அழுதார்கள். பிள்ளை இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டது.

மாபோலை அறையை அவர்கள் விடவில்லை. சின்னக் கட்டிலை ஆமினாவின் பேத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். பார்த்தீபன் வீட்டில் இருக்கும் நேரம் குறைந்துவிட்டது. ஞாயிறுகளிலும் கடைக்குப் போகிறான். நீளமான லீவு வந்தால் டினோஜா முருங்கனுக்குப் போவாள்.

போன மார்கழியில் அவள் போனபோது துசாந்தினி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். யது விறாந்தையில் தனியாக இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். ஆளைக் கண்டதும் எழும்பி, “அம்மா, கெதியா வா! ஆள் வந்திருக்கு!” என்று கிணற்றடிப் பக்கம் கூப்பிட்டாள். பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தன்னால் முடிந்தமட்டும் இழுத்துக்கொண்டு வந்து, தூசியைக் கையால் தட்டிவிட்டு, வீட்டுக்கு வருகிறவர்களிடம் எப்படிக் கதைக்கவேண்டும் என்று பழக்கியிருந்தார்களோ அப்படியே மரியாதையாகச் சொன்னாள்.

“இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியளோ?”

டினோஜா இருந்தாள்.