உரிச்ச ஆரஞ்சு உள்ளே போகாது

ஜெயில் வாசல்ல மனு எழுதிக் கொடுக்கிற தொழில்ல பேனாவைவிட வாய்தான் அதிகம் தேயும். ரெண்டாயிரம் வாக்கில ஓசூர் ரோட்டுப் பக்கம், ஜெயிலுக்கு எதிர்ல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே மனு கன்னடத்திலதான் கொடுக்கணும். கன்னடம் எழுதத் தெரியாத நம்ம தமிழ் ஜனங்களுக்கு, யார் யாரைப் பார்க்கணும், என்ன உறவுன்னு எழுதிக் கொடுப்பேன். அடையாளத்துக்குக் காட்ட வேண்டிய ரேஷன் கார்டை வீட்டில வெச்சிட்டு வந்து என்கிட்ட திட்டு வாங்கினவங்க யாராவது இதைப் படிச்சா மன்னிச்சிடுங்க. உங்களால எனக்கும் தொண்டை கட்டிக்கிச்சு.

கறிக்குழம்பும் இஸ்திரிச் சட்டையும்

மாணிக்கம் அண்ணன் பெயிண்டர். மகனைப் பார்க்க மர்பி டவுன்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்தாரு. பொண்ணு பார்க்கப் போற மாதிரி இஸ்திரிச் சட்டை, கேரியர் நிறைய கறிக்குழம்பு. "அய்யோ அண்ணே, சமைச்சதை உள்ளே விடமாட்டாங்க"ன்னு கத்தினேன்.

பையன் அடிதடியில ஒருத்தன் மண்டையை உடைச்சிட்டு, வீட்டுப் பரண்ல ஒளிஞ்சிருந்தானாம். போலீஸ் எப்படிப் பிடிச்சாங்கன்னு கேட்டேன். "போலீஸ் எங்க பிடிச்சாங்கம்மா? நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் ஸ்டேஷன்ல விட்டேன். விட்ட நானே பார்க்க வரலன்னா எப்படி?"

உறவு என்ன?

அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் நின்னாரு. வார்டர் வந்து "பரல்வந்தெ"ன்னாரு. வரமாட்டானாம். கைதியே மாட்டேன்னுட்டா யாரு இழுத்துட்டு வர்றது? அடுத்த வாரமும் அதே. அதுக்கடுத்த வாரமும் அதே. அம்மா வந்தா மட்டும் ஓடி வர்றான். அந்தப் பையன் மேல எனக்கு அப்படியொரு கோவம்!

நாலாவது வாரம் மனுவை எடுத்தேன். மனுஷன் சுத்திமுத்தும் பார்த்துட்டு என் காதுகிட்ட குனிஞ்சாரு. "அப்பான்னு போட்டாத்தானே வரமாட்டேன்றான். பக்கத்து வீட்டுக்காரன்னு போடும்மா, வந்தாலும் வருவான்."

டப்பா

நல்லா திட்டிட்டு அப்பான்னே எழுதினேன். அன்னிக்குப் பையில ஆரஞ்சு. பழம் விடுவாங்க, ஆனா முழுசா இருக்கணும். இந்த மனுஷன் ஒரு டஜனையும் உரிச்சு, நாரெடுத்து, கொட்டையெடுத்து, டப்பாவில அடுக்கிட்டு வந்திருக்காரு! உரிச்ச பழம் கூடாதுன்னு செக்கிங்ல திருப்பிட்டாங்க.

"இருபத்திரெண்டு வயசுத் தடியனுக்கு உரிச்சு வேற ஊட்டணுமா?"ன்னு எரிஞ்சு விழுந்தேன். அவர் கோவிச்சுக்கவே இல்ல. "அவன் உரிச்சதே இல்லம்மா. சின்னதுலேர்ந்து நான்தான் உரிச்சுத் தருவேன். கைக்குப் பழக்கமாப் போச்சு."

உள்ளேயிருந்து வந்த ஆள்

இதையெல்லாம் அந்த வார்டர் பார்த்துட்டே நின்னாரு. அவரும் பிள்ளை பெத்தவர்தானே. உள்ளே போய் பையன்கிட்ட என்ன சொன்னாரோ, அரை மணி நேரத்தில வந்து மாணிக்கம் அண்ணனைக் கூப்பிட்டாரு. எனக்கு அதுக்கப்புறம் பேனா ஓடல. மனு எழுத எதிர்ல நின்ன வேற ஒரு அம்மா, "என்னம்மா, தூங்கறியா?"ன்னு கேட்டாங்க.

திரும்பி வந்தப்போ அண்ணன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "என்னண்ணே பேசினான்?"னு ஓடினேன். "என்னத்தப் பேசறது? ரெண்டு பேரும் அழுதுட்டே நின்னோம், டைம் ஆயிடுச்சுன்னுட்டாங்க. அப்போதான், 'அடுத்த வாரம் அம்மா வேணாம், நீயே வா'ன்னான்மா."

இத்தனை மனு எழுதியும், அனுமதி கொடுக்கிறது ஜெயில் அதிகாரிதான்னு நினைச்சிட்டிருந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.