கடத்தூர் ரைஸ்மில்லில் எடுத்த நிறமாலை

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில் சென்னைப் பட்டணம் காலியாகிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பேச்சு. கல்லூரியை மூடிவிட்டார்கள். பௌதிகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண் அங்கே நான் ஒருத்திதான். என் வேலை அப்போது பாதியில் நின்றிருந்தது.

வேலை இதுதான். ஒரு திரவத்தின் மேல் பாதரச விளக்கின் வெளிச்சத்தைப் பாய்ச்சினால், அதில் கொஞ்சம் சிதறி வெளியே வரும். சிதறியதில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வரும். திரவத்தின் மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை, ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த அதிர்வுக்குக் கொஞ்சம் சக்தியைக் கொடுத்துவிட்டு வருவதால்தான் ஒளியின் நிறம் மாறுகிறது. நிறம் எவ்வளவு மாறியது என்று அளந்தால், கண்ணுக்கே தெரியாத மூலக்கூறின் அமைப்பைச் சொல்லிவிடலாம். அந்த ஒளியைப் பிரித்துப் படம் எடுக்க ஸ்பெக்ட்ரோகிராப் என்ற கருவி வேண்டும். எங்கள் கல்லூரியில் இருந்தது ஒன்றே ஒன்று.

அதைப் பெட்டியில் அடைத்து எங்கேயாவது கிடங்கில் போட்டுவிடலாம் என்று பேராசிரியர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"சார், எங்க மாமா கடத்தூர்ல ரைஸ்மில் வெச்சிருக்காருங்க. ஆயில் இன்ஜின் இருக்கு, விளக்குக்கு டைனமோ இருக்கு. என்கிட்ட குடுத்தீங்கன்னா வேலை நிக்காதுங்க" என்றேன்.

அவர் என்னையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தார். "ப்ரிஸத்துல ஒரு கீறல் விழுந்தாலும் யுத்தம் முடியற வரைக்கும் வேற கிடைக்காது, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். மறுநாள் கருவியை என்னிடம் ஒப்படைப்பதாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மொரப்பூர் வரை ரயில். கருவிக்குள் ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கிற அந்தக் கண்ணாடி ப்ரிஸத்தைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஸ்டேஷனுக்கு மாமா வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். அம்மாவின் தம்பி அவர். அதிகம் படித்தவர் இல்லை. ஆனால் இயந்திரம் என்றால் அவருக்கு உயிர். வண்டி நிறைய வைக்கோலைப் பரப்பிப் பெட்டியை ஏற்றிவிட்டு, தான் ஏறாமல் ஊர் வரைக்கும் மாட்டுக்கு முன்னால் நடந்தே வந்தார். பள்ளம் வந்தால் மாட்டைப் பிடித்து நிறுத்திவிடுவார்.

மில்லில் வைத்து எடுத்த முதல் பிளேட், அதாவது படம் பதியும் கண்ணாடித் தகடு, பாழ். நிறத்துக்கு ஒரு கோடாகத் தனித்தனியே விழுந்திருக்க வேண்டும். கோடுகளே இல்லை, வெறும் புகை மாதிரி ஒரு பட்டை. இன்ஜின் ஓடினால் தரையே நடுங்கியது. பல மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டிய கருவி கூடவே நடுங்கியிருக்கிறது. இன்ஜினை நிறுத்தினால் டைனமோ நின்றுவிடும், விளக்கு எரியாது. யுத்த காலத்தில் போட்டோ பிளேட்டுக்கும் பஞ்சம். கையில் இருந்ததோ ஒரே ஒரு பெட்டி.

பிறகு மாமாவிடம், நெல் காயவைக்கும் களத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சாக்குக் கொட்டகையைக் கேட்டேன். அதன் நடுவில் இடுப்பளவு குழி தோண்டி, ஆற்று மணலைக் கொட்டி நிரப்பி, மேலே ஒரு கற்பலகையைப் போடச் சொன்னேன். கருவி பலகையின் மேல். டைனமோவிலிருந்து களத்தைத் தாண்டிக் கம்பி இழுத்தோம். பலகை மேல் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு மாமாவிடம் இன்ஜினை ஓட்டச் சொன்னேன். தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"அசையலயே புள்ள" என்றார் மாமா. அன்றிலிருந்து கொட்டகைக்கு வெளியே அவரே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்.

நான் எடுத்துக்கொண்ட திரவத்தின் மூலக்கூறில் நடுவில் இரண்டு கார்பன். ஒவ்வொன்றிலும் ஒரு புரோமின், இரண்டு கை மாதிரி. அந்தக் கைகள் எதிரெதிர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா, ஒரே பக்கமாக ஒதுங்கி நிற்கின்றனவா என்பதுதான் கேள்வி. இரண்டு வகையும் கலந்தே இருக்கிறது என்பது என் எண்ணம். அப்படியானால் சூடேற்றும்போது ஒரு வகை குறைந்து மற்றது கூடும். கோடுகளிலும் சில மங்கிச் சில அழுத்தமாகும். ஆனால் மணிக்கணக்காக ஒரே சூட்டில் வைத்திருக்க வேண்டும். பட்டணத்தில் அதற்கு வசதியே இல்லை. இங்கே நெல் அவிக்கும் பாய்லர் நாள் முழுக்கக் கொதித்தது. மாமா அதிலிருந்து ஒரு செப்புக் குழாயில் நீராவியைத் திருப்பிவிட்டார். திரவம் இருந்த கண்ணாடிக் குழாயைச் சுற்றி நீராவி ஓடியது. சூடு கொஞ்சமும் மாறவில்லை.

ஆவணி மாசம் கொட்டகைக் கதவு இடுக்கில் ஊதா வெளிச்சம் தெரிவதைப் பார்த்து யாரோ பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தால் நாடெங்கும் கைது நடந்துகொண்டிருந்த சமயம். அரூரிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து இறங்கினார்.

"வயர்லெஸ் வெச்சிருக்கீங்களாமே?" என்று மாமாவைக் கேட்டார்.

"வயர்லெஸ் இல்லைங்க, படிப்பு சமாச்சாரம். எங்க அக்கா மவ சொல்லுமுங்க" என்று மாமா என்னைக் காட்டினார்.

பேராசிரியர் கையெழுத்திட்ட தாளை நீட்டினேன். அதை அவர் சரியாகப் பார்க்கவில்லை. "இதுல யார்கிட்ட பேசறே?" என்றார்.

"யார்கிட்டயும் இல்லைங்க. வந்து நீங்களே பாருங்க."

கதவைச் சாத்திவிட்டு, இருட்டு கண்ணுக்குப் பழகும்வரை அவரை உட்காரச் சொன்னேன். பிறகு கருவியின் லென்ஸ் வழியாகப் பார்க்கச் சொன்னேன். வெகு நேரம் பார்த்தார்.

"நீலமா ஒரு கோடு இருக்குது."

"அது விளக்கோட வெளிச்சங்க. அதுக்குப் பக்கத்துல பாருங்க."

"மங்கலா... ரெண்டு, மூணு தெரியுது."

"அது விளக்குல இல்லாத நிறங்க. இந்தத் திரவம் உண்டாக்கினது. அதை வெச்சு, இதுக்குள்ள அணுவெல்லாம் எப்படி நிக்குதுன்னு கண்டுபிடிக்கறேன்."

"நீயா கண்டுபிடிக்கறே?"

"ஆமாங்க."

வெளியே வந்ததும் போலீஸ்காரர்களைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, போலாம்" என்றார். வண்டி ஏறும்முன் மாமாவிடம், "கதவு இடுக்கை மட்டும் சாக்கு வெச்சு அடைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் இரண்டு நல்ல பிளேட் கிடைத்தன: ஒன்று குளிர்ந்த திரவத்துக்கு, ஒன்று சூடான திரவத்துக்கு. நெல் குதிர் இருந்த இருட்டறையில், பானைத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். குளிர்ந்ததில் பட்டும் படாமலும் இருந்த ஒரு கோடு, சூடானதில் திடமாக நின்றது. பக்கத்துக் கோடு அதற்கேற்ப மங்கியிருந்தது. இரண்டு வகையும் இருக்கத்தான் செய்தன. அந்தச் சமயத்தில் இது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று தோன்றியது. பிளேட்டை மெதுவாகக் கீழே வைத்தேன்.

கல்லூரி திறந்ததும் கருவியைத் திரும்பக் கொண்டுபோனேன். பேராசிரியர் ப்ரிஸத்தை ஜன்னல் ஓரம் எடுத்துப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என் பிளேட்டுகளைப் பார்த்தார். நிமிர்ந்து, "கட்டுரையை நீங்க உங்க பேர்லயே எழுதுங்க. என் பேர் வேண்டாம்" என்றார். அதுவரை என்னை 'நீ' என்றே பேசிவந்தவர்.

கட்டுரை அச்சானது. சோதனை எங்கே நடந்தது என்ற இடத்தில், சேலம் ஜில்லா, கடத்தூர், ஒரு நெல் அரவை ஆலை என்று நான் எழுதியதை அப்படியே போட்டிருந்தார்கள். பிளேட்டுகளின் பிரதி ஒன்றை மாமாவுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். அதை மில்லில் தராசுக்கு மேலே மாட்டிவிட்டார். நெல் கொண்டுவருகிறவர்கள் என்னவென்று கேட்பார்கள். கோடு கோடாய் இருந்த அந்தப் படத்தைக் காட்டி, "எங்க ஸ்டீம்ல எடுத்ததுங்க. எங்க அக்கா மவ எடுத்தது" என்பார். அவர்கள் அரிசியைக் கட்டிக்கொண்டு கிளம்பும்வரை அதைப் பற்றித்தான் பேச்சு.