விஜயதசமியன்று மீண்டெழுந்த எக்ஸ்பி

விஜயதசமி காலையில் திருமுடிவாக்கம் எஸ்டேட்டிலிருந்து மல்லிகா அம்மையார் அழைத்தார். இரும்புத் தகடு வெட்டும் பட்டறையின் உரிமையாளர் அவர்.

"சார், ஆயுத பூஜை முடிச்சு இன்னைக்கு ஆன் பண்ணா கம்ப்யூட்டர் செத்துக் கெடக்கு. சாயங்காலம் லாரி வருது. மெட்டீரியல் போகலைன்னா கஸ்டமர் வேற ஷெட்டுக்குப் போயிடுவாங்க."

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவனான நான் தாம்பரத்திலிருந்து விரைந்தேன். தகட்டில் எதை எங்கே வெட்டுவது என்று வகுத்துத் தரும் அவருடைய மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும்; புதிய பதிப்பு வரவேயில்லை. மதர்போர்டு போய்விட்டிருந்தது. ஹார்ட் டிஸ்க் மட்டும் இறையருளால் பிழைத்திருந்தது.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில், ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ் போன்ற ஓஎஸ் இரண்டை வைத்தால் ஒன்றை அணைத்துத்தான் மற்றொன்றை எழுப்ப வேண்டும். பின்னர் ஒன்றின் திரைக்குள்ளேயே மற்றொன்றை ஓட்டும் மென்பொருள்கள் வந்தன. தொடக்கத்தில் அவை ஊர்ந்தன. பிராசஸரே துணை நிற்கத் தொடங்கிய பின் ஓடின. அந்த வழியையே நம்பினேன். பழைய டிஸ்க்கை அப்படியே இமேஜாக, அதாவது முழு நகலாக எடுத்து, அலுவலகத்தின் புதிய கம்ப்யூட்டரில் விர்ச்சுவல் மெஷினாக ஏற்றினேன்.

ஃபோர்மேன் ஏழுமலை எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பொட்டிக்குள்ள பொட்டியா? வெளிய கீற பொட்டியே நம்மள பேஜார் பண்ணுது!"

பழைய முருகன் படத்துடன் எக்ஸ்பி எழுந்தது. அம்மையார் கைகூப்பினார். ஆனால் மென்பொருளைத் திறந்ததும், "லைசென்ஸ் கீ இல்லை" என்றது. லைசென்ஸைத் தாங்கும் டாங்கிள் எனப்படும் யுஎஸ்பி சாவியை ஏழுமலை புதிய கம்ப்யூட்டரில் செருகியே வைத்திருந்தார்.

"நான் சொல்லல? உள்ள கீறதுக்குக் கண்ணு தெரில சார்."

வெளி சிஸ்டத்தில், அதாவது புதிய கம்ப்யூட்டரின் சொந்த ஓஎஸ்ஸில் தேடினேன். அங்கும் டாங்கிள் தென்படவில்லை. அப்படியானால் குற்றம் விர்ச்சுவல் மெஷினுடையதன்று. டாங்கிளை உருவிப் பார்த்தேன். அதன் உலோக வாய் முழுவதும் சந்தனம் காய்ந்து, மேலே குங்குமம்.

"இதற்குமா ஏழுமலை?"

"பின்ன? அது இல்லாட்டி ஒண்ணும் ஓடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. அதுக்குத்தான் மொத பூஜை!"

அம்மையார் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். நான் அடியார்களின் அன்பைப் போற்றி வளர்ந்தவன். கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஸ்பிரிட்டில் தோய்த்த பிரஷ்ஷால் பொறுமையாகத் துடைத்துச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. டாங்கிளை உள்ளிருந்த எக்ஸ்பிக்கு ஒப்படைத்ததும் மென்பொருள் திறந்தது. சற்று நேரத்தில் ஷெட்டில் தீப்பொறி பறந்தது. மாலையில் வந்த லாரி நிறைந்தே புறப்பட்டது.

சர்வீஸுக்குச் செல்லும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உள் சிஸ்டத்தைப் பழிக்குமுன் வெளி சிஸ்டத்தைச் சோதியுங்கள். உள்ளிருப்பது, வெளியிலிருப்பது கொடுத்ததை மட்டுமே காணும்.

கிளம்பும்போது ஏழுமலை கவலையோடு கேட்டார்: "அடுத்த வருசம் உள்ள கீற பொட்டிக்கு எப்டி சார் பொட்டு வெக்கிறது?"

"வெளியிலிருப்பதன் நெற்றியில் வையுங்கள்," என்றேன். "உள்ளே உறைவது ஏற்றுக்கொள்ளும்."