பதினெட்டு முடிச்சுக் கயிறு

எங்கள் வீட்டுக் கொடிக்கயிற்றில் பதினெட்டு முடிச்சுகள் இருக்கின்றன. துணி போட அவை இடைஞ்சல்தான். அது கிணறு அளந்த கயிறு. முழத்துக்கு ஒரு முடிச்சு. எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் அதன் நுனியில் ஒரு செம்பைக் கட்டி எங்கள் ஊரான உரும்பிராயின் கிணறுகளில் இறக்குவார். தண்ணீர்மட்டம் எத்தனையாவது முடிச்சில் என்று எண்ணிச் சொல்வார். பிறகு செம்புத் தண்ணீரில் ஒரு வாய் குடித்துப் பார்த்து, மிச்சத்தை அருகிலுள்ள வாழைக்கு ஊற்றுவார். நான் கொப்பியோடு நின்று எழுதுவேன்.

அப்போது எனக்கு ஓர் அபிவிருத்தித் திட்டத்தில் அறிக்கை எழுதும் வேலை. வெங்காயமும் மிளகாயும் கப்பலேறும், ஊர் நிமிரும் என்றார்கள். நானும் நம்பினேன். அதற்குக் குறுக்கே நிற்பதாக எனக்குத் தெரிந்தது பங்குக் கிணறு. ஆறேழு குடும்பத்துக்கு ஒரு கிணறு. தன் முறை வரும் நாளில்தான் ஒருவர் இறைக்கலாம். மற்ற நாளில் பயிர் வாடினாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ‘பங்கு முறை வளர்ச்சிக்குத் தடை, தோட்டத்துக்கொரு குழாய்க்கிணறு வேண்டும்’ என்று எழுதினேன். மேலிடத்தில் அந்த வரியை மெச்சினார்கள். பெருமையில் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

நாங்கள் அளந்தது தை மாதம். போதனாசிரியர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “மாரி முடிஞ்ச கையோடை அளந்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான், பிள்ளை. ஆவணி வறட்சியிலை ஒருக்கா அளப்பம்.”

“அறிக்கை மாசிக்குள்ளை போகவேணும், சேர்,” என்றேன்.

அவர் என் கொப்பியை வாங்கினார். கையெழுத்து வைத்தார்.

குழாய்க்கிணறுகள் வந்தன. முதல் சில போகம் வெங்காயம் அள்ளிக் கொடுத்தது. வீடுகளுக்கு மாபிள் பதித்தார்கள். போதனாசிரியரும் தன் தோட்டத்தில் ஒன்று இறக்கினார். ஆவணியில் அளப்போம் என்று தயங்கியவரே இறக்கியது எனக்கு எரிச்சலாக இருந்தது, நேரேயே கேட்டுவிட்டேன். “எல்லாரும் இறைக்கேக்கை நான் மட்டும் பொறுத்திருந்தால், என்ரை தண்ணியும் அவையின்ரை தோட்டத்துக்குத்தான் போகும்,” என்றார். பங்குக் கிணற்றில் யாருக்கும் அந்தப் பயம் இருந்ததில்லை. அது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது.

பிறகு, இறைத்து இறைத்து நன்னீர் குறைய, ஆவணிகளில் அடியிலிருந்து கடல்நீர் ஏறித் தண்ணீர் உவர்க்கத் தொடங்கியது. வெங்காயத்தாள் நுனி கருகியது. முதலில் தரிசானது அவருடைய தோட்டம். அவர் இறந்தபின் மனைவி இந்தக் கயிற்றை என்னிடம் தந்தார். எனக்கு அழுகை வரவில்லை. துணி போட ஒரு கயிறு தேவைப்பட்டது, கட்டினேன்.

இந்தத் தையில் ஒரு பெண் உத்தியோகத்தர் எங்கள் கிணற்றை அளக்க வந்தாள். நிலைபேறான வளர்ச்சித் திட்டமாம். கருவியை இறக்கி அளந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

“நல்ல தண்ணி, அன்ரி.”

“ஆவணியிலை நாங்கள் பவுசர் வண்டியிலை வாற தண்ணிதான் குடிக்கிறம், பிள்ளை. அப்ப வந்து அளவுங்கோ.”

“அறிக்கை மாசிக்குள்ளை போகவேணும், அன்ரி.”

வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டுமென்று பேனையை நீட்டினாள். கோபம் வருமென்று சற்றுப் பார்த்தேன். வரவில்லை. வாங்கி, கையெழுத்து வைத்தேன்.

அவள் போனதும் கொடியிலிருந்து துணி எடுக்கப் போனேன். எல்லாம் காய்ந்திருந்தன. முடிச்சுப் பட்ட இடங்களில் மட்டும் ஈரம் இருந்தது.