கார்டில் நாலு பேருக்குத்தான் இடம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையில், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸை ஒட்டிய சின்ன அறையில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற என்னைத் தொழிலாளர்கள் ‘கார்டு மேடம்’ என்பார்கள். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. கேட்டுக்கு ஓர் அட்டை, கேன்டீனுக்கு டோக்கன், டிஸ்பென்சரிக்கு நோட்டு என்று இருந்ததையெல்லாம் ஒழித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே சிப் கார்டு கொடுத்தார்கள். அதில் விவரங்களை ஏற்றுவது நான்.

அந்தச் சிப்பில் இடம் கொஞ்சம். அதை மூன்றாகத் தடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு போட்டிருந்தார்கள். ஒரு ரகசிய எண்தான் சாவி. கேட்டின் சாவி கேன்டீனைத் திறக்காது. கேன்டீன் சாவி டிஸ்பென்சரியை எட்டிக்கூடப் பார்க்காது. ஒரே வீட்டில் மூன்று குடித்தனம் மாதிரி. டிஸ்பென்சரிப் பகுதியில் தொழிலாளி போக, குடும்பத்தில் ஆறு பேர் வரைக்கும் பெயரும் கைரேகையும் ஏற்றலாம். நோட்டுக் காலத்தில் எதிர்வீட்டு அக்கா, பக்கத்துத் தெரு மச்சினி எல்லோரும் ‘சம்சாரம்’ என்று சொல்லி மருந்து வாங்கிப் போனார்களாம். அதனால்தான் ரேகை. பெயர் துளியூண்டு இடம் பிடிக்கும். ரேகைதான் இடத்தை விழுங்கும்.

பிறகு நாலாவதாக சேஃப்டி பயிற்சி வந்தது. யார் எந்தப் பகுதிக்குள் போகலாம் என்பதும் அதே கார்டில் ஏற வேண்டும் என்றார்கள். இடத்துக்கு எங்கே போவது? மீட்டிங் போட்டார்கள். கேட் பிரிவுக்காரர்கள் ஓர் எழுத்தைக்கூட விட்டுத்தர மாட்டோம் என்றார்கள். கேன்டீன் பகுதியில் பாதி சும்மா கிடந்தது. பின்னால் வேண்டியிருக்கும் என்று கான்ட்ராக்டர் பிடித்துக்கொண்டார். டாக்டர் அன்றைக்கு வரவில்லை. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? டிஸ்பென்சரியின் ஆறு பேர் நாலு பேர் ஆனார்கள். “ரேகையை எடுத்துட்டு பேரை மட்டும் வெச்சா எல்லாருக்கும் இடம் இருக்கு சார்” என்று சொல்லிப் பார்த்தேன். “அப்ப செக்யூரிட்டி?” என்று அதிகாரி என்னை ஒரு முறை முறைத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் என் மேல் எனக்கு எரிச்சல் வருவது அதற்குத்தான்.

வீட்டில் யாரை எடுப்பது என்று ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்கிற புண்ணியமும் எனக்கே கிடைத்தது. பாய்லரில் வேலை செய்த ஓர் அண்ணனுக்கு அம்மா, மனைவி, மூன்று பிள்ளைகள்.

“இன்னா மேடம், பேஜாரா கீது! அஞ்சு பேர்ல யார தூக்க சொல்ற? பஸ்ஸுல சீட்டு இல்லன்னாகூட நின்னுகினு வர்லாம். இதுல நிக்கவும் வுட மாட்டியா?”

மறுநாள் மனைவியையே கூட்டி வந்தார். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். “எம்பேர எட்த்துடு மேடம். மாமியாருக்கு மாசாமாசம் சக்கரை மாத்திரை வோணும். புள்ளைங்களுக்கு எப்ப இன்னா வரும்னு தெரியாது. எனக்கு இன்னா, கல்லாட்டம் கீறேன்.”

எடுத்துவிட்டேன். ஏற்றி முடித்ததும் அந்தப் பகுதியைப் பூட்டி, சாவியைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. அதையும் ஒழுங்காகச் செய்தேன். அதற்குப் பிறகு நானே நினைத்தாலும் அந்தப் பகுதியைத் திறக்க முடியாது.

மார்கழி வந்தது. பனியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் மேலே போகாமல் தெருவிலேயே நின்றுவிடும். காயப்போட்ட துணியை உதறினால் கண் எரியும். அந்த மாதத்தில் அவளுக்கு மூச்சிரைப்பு பிடித்துக்கொண்டது. டிஸ்பென்சரி நர்ஸ் நல்லவர். முகமூடி மாட்டி அப்போதைக்கு மூச்சை மீட்டுக்கொடுத்தார். ஆனால் தினமும் மூச்சோடு இழுக்க வேண்டிய மருந்துக்கும், நெஞ்சு டாக்டரைப் பார்ப்பதற்கான சீட்டுக்கும் மெஷின் அவள் ரேகையைக் கேட்டது. அவள் விரலை வைத்தாள். அப்படி ஒருத்தி இல்லை என்றது.

அவளும் அண்ணனும் என் அறைக்கு வந்தார்கள். கார்டை என் மெஷினில் செருகினேன். கேன்டீன் பகுதி இன்னும் பாதி காலி. அவள் விரலை மட்டுமல்ல, இரண்டு கைகளையும் வைக்கலாம், அவ்வளவு இடம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை அன்றைக்குத்தான் நான் கண்ணால் பார்த்தேன். தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டேன். ஒரு பகுதியின் இடத்தை இன்னொன்று எடுத்தால் பாதுகாப்பே போய்விடும் என்று எனக்கே பாடம் நடத்தினார்கள். பட்டியலை மாற்ற மனு எழுதி அனுப்புங்கள், அடுத்த கார்டு வரும்போது பார்ப்போம் என்றார்கள். அது எப்போது வரும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு இருவர் முகத்தையும் பார்க்க முடியாமல் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்தான் பேசினார். “ஒருத்தர தூக்குனா ஒருத்தர போடலாம்ல? எம்பேர தூக்கிட்டு அவ பேர போடு மேடம்.”

“உங்க பேர்லதான் கார்டே இருக்குண்ணா. அதை எடுத்தா கார்டு செத்துடும். நாளைக்கு கேட்டே திறக்காது.”

“சாவட்டும் மேடம், கார்டுதான?”

கார்டை மேசையிலேயே போட்டுவிட்டு, அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். நான் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். காலை ஷிஃப்டுக்கு அவருக்கு அது வேண்டும். நீட்டியதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அவள்தான் நின்று, இரைக்க இரைக்க அதை வாங்கி, அவர் சட்டைப் பையில் பத்திரமாகச் செருகினாள்.