ஐந்து நாற்பது வண்டி

படம் ஓடும்போது ராஜாங்கம் திரையைப் பார்ப்பதில்லை. ஆபரேட்டர் அறையின் பின்ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, எதிரே இருக்கும் பேருந்து நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளிமலைக்குக் கடைசி வண்டி மாலை ஐந்து நாற்பதுக்கு. மேட்னி முடிவதோ ஐந்து ஐம்பதுக்கு. அந்தப் பத்து நிமிடத்தோடு மல்லுக்கட்டியே மனிதருக்கு மீசை நரைத்துவிட்டது.

கள்ளக்குறிச்சி பெரியநாயகி டாக்கீஸில் மேட்னி என்றால் பாதிக் கூட்டம் மலைக்காரர்கள். சாமையும் புளியும் கொண்டுவந்து விற்றுவிட்டு, வெறுங்கூடையோடு படத்துக்கு வருவார்கள். வண்டியை விட்டால் விடியும்வரை கொசுக்கடிதான். ஆகவே இடைவேளைக்குப் பிறகு ஒரு பாட்டையும் ஒரு சண்டையையும் ராஜாங்கம் சத்தமில்லாமல் தாண்டிவிடுவார். அதிலும் ஒரு தர்மம் வைத்திருந்தார். "சாவு வூட்டுல கை வெக்க மாட்டேங்க. ஊட்டியில ஆடிக்கினு இருப்பாங்க பாருங்க, அங்க வெப்பேன்."

ஒருமுறை ரீல் மாறிப்போய், நாயகன் நாயகியைச் சந்திக்கும் முன்பே கல்யாணம் முடிந்துவிட்டது. யாரும் கத்தவில்லை. வெள்ளிமலை இருசம்மாள் மட்டும், "நல்ல காரியம். சீக்கிரம் முடிஞ்சா இன்னா கெட்டுப்பூடுது?" என்றாராம். தனக்குக் கிடைத்த ஒரே விருது போல இதை ராஜாங்கம் சொல்லிக்காட்டுவார்.

மூன்று வருடம் பூட்டிக் கிடந்த கொட்டகையை, முதலாளியின் பேரன் தெய்வசிகாமணி போன சித்திரையில் திறந்தார். துணிக்கடைக்குக் கேட்டவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, அறக்கட்டளை தொடங்கி, 'மக்கள் திரைப்பட மையம்' என்று பலகை மாட்டினார். லாப நோக்கம் கிடையாது. ஞாயிறு மேட்னிக்கு டிக்கெட்டும் கிடையாது. படத்துக்கு முன் அரைமணி நேரம் அவருடைய உரை, பின்னால் கலந்துரையாடல். நல்ல மனிதர். அதுதான் தொல்லையே.

ராஜாங்கத்தையும் அவர் மறக்கவில்லை, அதே அறையில் உட்காரவைத்தார். மூன்றாம் வாரம் ஒரு பாட்டு காணாமல் போனதும் மாடியேறி வந்தார். "அண்ணே, ஒரு படம்னா அது ஒரு உயிருங்க. இன்னொரு வாட்டி படத்துல கை வெச்சீங்கன்னா, சாவியக் குடுத்துட்டுக் கெளம்பிடுங்க." அந்த அறையை விட்டால் ராஜாங்கத்துக்கு உட்கார வேறு இடம் தெரியாது. வெட்டுவதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்தார்.

இப்போது படம் முழுசாக ஓடுகிறது. ஐந்தரைக்கு மலைக்காரர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போகிறார்கள். நன்கொடையாளர்கள் ஆறேழு பேர் மட்டும் முடிவுவரை இருந்து பார்த்துவிட்டு, மக்களின் ரசனையைப் பற்றிக் கலந்துரையாடுகிறார்கள். ஒருநாள் இருசம்மாள் வாசலில் நின்று மாடியைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா ஆப்ரேட்டரே, காசு குடுத்தப்ப முடிவக் காட்டுன. சும்மா காட்டும்போது பாதியிலயே தொரத்துறியே?" அன்று ராஜாங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிறு, இந்தக் கதையெல்லாம் அவரிடம் கேட்க வழக்கமாகப் போகும் நானும் அந்த அறையில் இருந்தேன். இரண்டு மணிக்கு மேடையேறிய தெய்வசிகாமணி, சினிமா எளிய மக்களின் கலை என்று நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எளிய மக்கள் முன்வரிசையில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார்கள். இருசம்மாளும் இருந்தார். ராஜாங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பத்து.

"இப்பப் போட்டா அஞ்சரைக்கு முடிஞ்சிடும். முழுசா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "படத்துல கை வெக்கக் கூடாதுன்னுதான சொன்னாரு?"

நான் தலையாட்டினேன்.

அரைஞாண் கயிற்றிலிருந்து அறைச் சாவியை அவிழ்த்து, மேசை மேல் கைக்கெட்டும் இடத்தில் தயாராக வைத்தார். மைக் சுவிட்சை அணைத்தார். தெய்வசிகாமணியின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருக்க, படம் தொடங்குவதற்கான பழைய மணியைக் கட்டைவிரலால் நீளமாக அழுத்தினார்.