ஃபேனுக்காகத் தொடங்கிய துறை

எங்கள் கல்லூரியின் புள்ளியியல் துறைக்குப் பொன்விழா வந்தபோது, விழா மலருக்குத் துறையின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய மலர்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் "தொலைநோக்குடன் நிறுவப்பட்டது" என்ற ஒரே வரிதான். நிறுவிய பேராசிரியை திருவொற்றியூரில் இருக்கிறார் என்று தெரிந்ததும், அவரிடமே கேட்டுவிடலாம் என்று ராயபுரத்தில் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தவர் இறால் உரித்துக்கொண்டிருந்தார். உரித்துக்கொண்டே பேசலாமா என்று கேட்டார். வகுப்பில் அவர் பேச்சு அச்சடித்த மாதிரி இருக்கும் என்று மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வீட்டில் அவர் பிறந்த மீனவர் தெருவின் பேச்சுதான்.

துறையை எதற்காகத் தொடங்கினீர்கள் என்று கேட்டேன்.

"ஃபேனுக்காகம்மா," என்றார்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. அப்போது புள்ளியியல், கணிதத் துறைக்குள் ஒரு பாடம். ஆசிரியர் அறையில் ஒரே ஃபேன், அதன் கீழே மூத்தவர்கள். இவருக்குக் கதவோரம். ஒரு பங்குனியில் புழுக்கம் தாங்காமல் முதல்வரிடம் போய்த் தனித் துறை கேட்டுவிட்டார். துறை வந்தால் அறை வரும், அறை வந்தால் ஃபேன் வரும். முதலில் பிள்ளைகளைச் சேர்த்துக் காட்டு என்றாராம் முதல்வர்.

அது என்ன படிப்பு என்று யாருக்கும் தெரியாது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"கூடைய கொட்டிப் பாக்காம, நாலு மீன எடுத்தே கூடை எப்டி கீதுன்னு சொல்ற படிப்புன்னேன். மேல கீறத மட்டும் எடுத்தா ஏமாந்துடுவோம், அடியிலயும் கைய வுடணும்னேன். பொண்ணுங்கள அனுப்பிட்டாங்க."

பழைய சாமான் அறை ஒன்று கிடைத்தது, ஃபேனும் வந்தது. ஆனால் அந்தப் பெண்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேடித் தேடியே இந்தப் பாடத்தின்மேல் தனக்குப் பைத்தியம் பிடித்தது என்றார்.

அப்படியே எழுதினேன். எங்கள் துறைத் தலைவர் படித்து, வாய்விட்டுச் சிரித்து, ஃபேன் வரும் பத்தியை நீக்கிவிட்டார். எனக்கு வருத்தம்தான்.

விழாவில் முதல்வர் தொலைநோக்கைப் பற்றிப் பேசி முடித்ததும் பேராசிரியை மைக்கைப் பிடித்தார். என்னிடம் சொன்னதை அதே பேச்சில் எல்லாருக்கும் சொன்னார். அரங்கம் சிரித்துக் குலுங்கியது. எங்கள் துறைத் தலைவர்தான் முதலில் கைதட்டினார். கணிதத் துறைத் தலைவர் எழுந்து, இப்போது எங்கள் அறையில் ஆளுக்கொரு ஃபேன் இருக்கிறது, மேடம் திரும்பி வந்துவிடலாம் என்றார்.

"இன்னாத்துக்கு சார்? நம்ம வூடே நல்லாத்தான் கீது."

பந்தியில், துறை தொடங்கிய வருடம் அவரிடம் படிக்க வந்த மாணவிகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுக்கும் நரைத்துவிட்டது. ஒருவர் தன் மகளையும் அழைத்து வந்திருந்தார்; மகள் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தரவுகளை அலசும் வேலையில் இருக்கிறாராம். பேராசிரியை அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் பாயசத்தை இன்னொரு முறை வாங்கிக்கொண்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.